ஆள் அண்டாத இடம்

ரத்தினபாய்க்குப் பதின்மூன்று நாடுகளில் சிநேகிதர்கள் இருந்தார்கள். சேலையூரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தியைத்தான் அவளால் வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

பதின்மூன்று நாட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ரத்தினபாய் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமான பிறகு சேலையூர் ஏரிக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டில் தனியாக இருந்தாள். ஏரிக் களிமண் எந்தெந்த உலோக உப்பைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதைப் பற்றி எண்பத்து மூன்றில் பம்பாயில் நடந்த ஒரு மாநாட்டில் பேசப் போனாள். டிபன் பாக்ஸில் கொண்டு போயிருந்த களிமண்ணைப் பார்த்து நம் ஆட்கள் சிரித்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த லூக் என்பவர் மட்டும் சிரிக்காமல், ஒரு பிடி கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

லூக் ஒரு வட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அதன் ஆங்கிலப் பெயர் சரக்கு ரயில் மாதிரி நீளம். நாம் வட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அணு உலைகளில் மிஞ்சும் கழிவு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு விஷம். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, களிமண்ணால் சுற்றி, ஆழத்தில் புதைக்கலாம் என்று பல நாடுகளில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடி மண்ணுக்குள் எத்தனை காலம் கரையாமல் தாக்குப் பிடிக்கும்? ஒரு நாட்டு மண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதைச் சொல்லிவிட முடியாது. அதனால் பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்று ஏற்பாடு. வட்டத்துக்கு ஒரே ஒரு விதி. வெற்றியைச் சொல்வது போலவே தோல்வியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த விதிக்காகவே ரத்தினபாய் அதில் சேர்ந்தாள்.

வேலையும் எளிதுதான். லூக்கின் கூடத்தில் உருக்கிய கறுப்புக் கண்ணாடி வில்லைகள் எல்லோருக்கும் பார்சலில் வரும். கழிவில் இருக்கும் அதே உலோகங்கள்தான் அவற்றில் இருக்கும், ஆனால் கதிர்வீச்சு என்பது துளிகூடக் கிடையாது. குழந்தை வாயில் போட்டாலும் பல்தான் உடையும். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் மண்ணில் அவற்றைப் புதைத்துப் பத்து வருஷம் கழித்து எடுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அதுவரை அந்த மண்ணை யாரும் கிளறக் கூடாது.

கல்லூரித் தோட்டத்தில் புதிய கட்டடம் வரப்போகிறது என்று இடம் தரவில்லை. ரத்தினபாய் தன் வீட்டுப் பின்பக்கத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தைவிட ஆழமாகக் குழி தோண்டச் செய்தாள். அது எண்பத்து நான்காம் வருஷம்.

மைசூர்பாகுத் துண்டு அளவில் இருந்த வில்லைகளைக் களிமண்ணில் பொதிந்து அவள் இறக்கிக்கொண்டிருந்தபோது மதில் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலம் மனையாகிப் போன பிறகு நான்கு எருமைகள் மிச்சம். அவற்றின் பாலில்தான் பிழைப்பு.

"இன்னா டீச்சரம்மா பொதைக்கிற? நகையா?"

பூசணிக் கொடி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ரத்தினபாயோ வாத்தியார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் முழுப் பாடத்தையும் நடத்தாமல் விடமாட்டாள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அணு உலையில் ஆரம்பித்தாள். மிச்சக் கழிவு, விஷம், ஆயிரம் வருஷம், அதைப் புதைக்கும் வழி, இது அந்த விஷம் இல்லாத வெறும் மாதிரி என்று ஒன்று விடாமல் சொன்னாள். கிளியம்மாளுக்குப் பின்னால் எருமைக்குத் தவிடு கொண்டுவந்த இரண்டு பெண்களும் நின்று கேட்டார்கள்.

"அப்போ இதுல விஷம் இல்ல?"

"இல்லவே இல்லக்கா."

"அப்ப சரி," என்று கிளியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் வாயில் வைத்தால் கரிக்கும். கிளியம்மாளின் வீட்டுக்கும் எருமைகளுக்கும் அதுதான் தண்ணீர். மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அந்த வழியாக விடியற்காலையில் வந்துவிடுவாள். குடம் நிறைவது ஒரு சாக்குதான். கிணற்றடித் துணிதுவைக்கும் கல்லில் உட்கார்ந்து, நேற்று எருமை உதைத்ததிலிருந்து மகள் பேபிக்குக் குரோம்பேட்டையில் மாப்பிள்ளை பார்ப்பது வரை பேசுவாள். ரத்தினபாய் பல் தேய்த்துக்கொண்டே கேட்பாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான். சில நாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிடலாமா என்றுகூட இருக்கும்.

எண்பத்தாறில் ருஷ்யாவில் அணு உலை வெடித்தது. டீக்கடைப் பொன்னுரங்கம் பேப்பரை உரக்கப் படிக்கிற பழக்கம் உள்ளவர். அங்கே பாலைக்கூடக் கீழே ஊற்றுகிறார்கள் என்று அவர் படித்தபோது, தவிடு கொண்டுவந்த பெண்களில் ஒருத்திக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாடம் ஞாபகம் வந்துவிட்டது. முழுப் பாடமும் அல்ல. அணு, விஷம், ஆயிரம் வருஷம், கிணற்றுப் பக்கம் என்ற நான்கு விஷயம் மட்டும். எந்த வகுப்பிலும் மாணவர்களுக்கு அவ்வளவுதான் மிஞ்சும் என்பது ரத்தினபாய்க்குத் தெரியாததல்ல.

ஒரே வாரத்தில் பேச்சுக்குக் கண்ணும் காதும் மூக்கும் முளைத்தன. டீச்சர் வீட்டுக் கொல்லையில் குண்டு இருக்கிறது, கிணறு ராத்திரியில் பச்சையாக மின்னுகிறது என்றார்கள். அந்தத் தண்ணீர் குடித்த எருமையின் பாலில் இனிமேல் டீ போடமுடியாது என்று பொன்னுரங்கம் கையை விரித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்ற வாடிக்கையும் நின்றது.

ரத்தினபாய் தனக்குத் தெரிந்த வழியில் பதில் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, முத்திரையோடு வந்த ஆங்கில ரிப்போர்ட்டை வெளிகேட்டில் ஒட்டினாள். கேட்டில் முத்திரை போட்ட காகிதம் ஒட்டினால் நம் ஊரில் அதற்கு இரண்டே அர்த்தம்: ஜப்தி, இல்லாவிட்டால் அபாயம். அதுவரை சந்தேகப்படாதவர்களும் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

படித்தவர்களிடம் மட்டும் என்ன வாழ்ந்தது? வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்த யூனிஸ் அக்கா பைபிளோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்கு அனுப்பிய கேக் தட்டுகள் சம்பிரதாயப்படி சர்க்கரையோடு திரும்பி வந்தன. கேக்கைக் காக்கைகள் தின்றுகொண்டிருந்ததை ரத்தினபாய் மாடியிலிருந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

கிளியம்மாள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. யார் பார்த்தாலும் அதே கல்லில் உட்கார்ந்து, அதே தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. மறுவருஷம் கோடையில் இரண்டு எருமைகளை விற்றாள். மூன்றாவதுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று, குடமில்லாமல் வந்தாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேப்பேன். அத்த தோண்டி எட்துக் காட்டுமா."

"எதையக்கா?"

"அந்தக் கண்ணாடிய. பொன்னுரங்கத்த இட்டுக்கினு வரேன். நாலு பேரு கண்ணால பாக்கட்டும். நீ கையில எட்து வச்சிக்கினு நில்லு. அப்பால எவன் வாயத் தொறப்பான்?"

"தோண்டினா எல்லாம் போச்சுக்கா. பத்து வருஷம் மண்ணுக்குள்ள இருக்கணும். காத்துப் பட்டா கணக்கு கெட்டுப் போயிடும்."

"பாத்துட்டு மறுக்கா பொதைச்சுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேக்கா."

கிளியம்மாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க எல்லாரும் என்ன நம்பி இருக்காங்க. பெல்ஜியம், பின்லாந்து, கனடா... போன வருஷந்தான் பின்லாந்துல ரோடு போட்டு ஒரு இடம் போச்சு. இப்ப நானும் தோண்டிட்டேன்னா?"

"நானுந்தாம்மா உன்ன நம்பிக்கினு கீறேன்."

"இன்னும் ஏழு வருஷம் பொறுத்துக்கோங்கக்கா. அப்புறம் நானே ஊரைக் கூட்டிக் காட்டறேன்."

ஏழு வருஷம் என்று அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! ஆயிரம் வருஷக் கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு ஏழு ஒரு பொருட்டில்லை. கிளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடிந்த மதில் வழியாகப் போகாமல், முன்பக்கம் சுற்றி வெளிகேட் வழியாகப் போனாள். அப்படி அவள் போனதே இல்லை. மாசம் முடியுமுன் மிச்ச எருமைகளும் போயின. பேபிக்குக் கல்யாணம் முடிந்ததும் வீட்டையும் விற்றுவிட்டு மகளோடு குரோம்பேட்டைக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ரத்தினபாய்க்கு வட்டம்தான் வீடு. வருஷத்துக்கு இரண்டு முறை சுற்றறிக்கை வரும். கல்லூரியிலிருந்து ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். கேட்க ஆளில்லை என்பதால்தான் சத்தமாக. பின்லாந்து ஐனோவின் கணவருக்கு உடம்பு சரியில்லை, அர்ஜென்டினாவில் மழை என்று ஓரங்களில் சொந்தச் செய்தியும் இருக்கும். ஐனோவுக்குப் பதில் எழுதும்போது, சொல்ல ஒன்றுமில்லாததால் கிணற்று நீர்மட்டத்தை எழுதுவாள்.

அறிக்கைக்கு அறிக்கை ஏதாவது ஓர் இடம் பாழாகிக்கொண்டே வந்தது. கனடாவில் வெள்ளம். இத்தாலியில் நாய்கள் தோண்டிவிட்டன. ஓர் ஊரில் மக்கள் தண்ணீரை இறைத்து இறைத்து நிலத்தடி நீரின் ஓட்டமே மாறிவிட்டது. பின்பக்க அட்டையில் உலகப் படம் போட்டு, பிழைத்திருக்கும் இடத்துக்குக் கறுப்புப் புள்ளியும், பாழான இடத்துக்கு வெறும் வளையமும் வைப்பார்கள். தாம்பரம் என்று குறித்திருந்த அவளுடைய இடம் கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிரும். பிறகு, மதில் பக்கம் பார்வை போய்விட்டால் சோறு இறங்காது. கிளியம்மாளின் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி அடுக்ககம் கட்டினார்கள். வந்தவர்களுக்கு எருமையும் தெரியாது, கிளியம்மாளும் தெரியாது. ஆனால் அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே என்பதை மட்டும் ஊர் அவர்களுக்கு மறக்காமல் சொல்லிவிட்டது. முதல் வேலையாக இடிந்த மதிலைத் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டினார்கள்.

தொண்ணூற்று நான்கில் தவணை முடிந்தது. உள்ளூரில் கூலிக்கு ஆள் வரவில்லை. கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளர் ஜெயவேலுதான் வந்து தோண்டிக் கொடுத்தார். களிமண் உருண்டையை உடைத்தபோது உள்ளே வில்லைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. கழுவினால் முகம் தெரிந்தது. ஊரைக் கூட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வெளிகேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறு வருஷம் ஜனவரியில், பம்பாய்க்கு வந்த லூக்கும் ஐனோவும் தாம்பரத்துக்கும் வந்தார்கள். ரத்தினபாய் பிரியாணி செய்து வைத்திருந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று தட்டு. ஐனோ அவளைக் கட்டிக்கொண்டாள். அடுக்ககத்து மொட்டை மாடியிலிருந்து பிள்ளைகள் வெள்ளைக்காரர்களை வேடிக்கை பார்த்தன.

லூக் கிணற்றடிக்குப் போய் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"எல்லா இடமும் போய்விட்டது. மனிதர்கள் விடவில்லை. உன்னுடையது மட்டும்தான் முழுசாகக் கிடைத்திருக்கிறது. நிலத்தடி நீர்கூட அசையவில்லை, யாரோ பூட்டி வைத்த மாதிரி. சுற்றி இவ்வளவு ஜனங்கள் இருக்கிறார்கள். பத்து வருஷம் இவர்களை எப்படி விலக்கி வைத்தாய்?"

ரத்தினபாய் உயர்த்திக் கட்டிய மதிலைப் பார்த்தாள்.

"உன் முறையை எழுதிக் கொடு. வட்டத்தின் கையேட்டில் போடுகிறேன். அடுத்த சோதனையில் எல்லோருக்கும் உதவும்."

அவளுடைய கணக்கு உலகத்திலேயே சுத்தமான கணக்காக வந்தது ஏன் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான்கு எருமைகளும் ஒரு குடும்பமும் பத்து வருஷமும் தொடர்ந்து இறைத்திருந்தால் நீர் அசைந்திருக்கும். கிளியம்மாள் போனதால்தான் அசையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. சோதனைத் தண்ணீர் எடுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிக் கிணற்று நீரை நிரப்பி, ஒரு கண்ணாடி வில்லையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டைக்கு ரயிலேறினாள். ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால், விசாரித்து விசாரித்து, பேபியின் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

கிளியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கி, நடமாட்டம் இல்லை. ரத்தினபாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"டீச்சரம்மாவா? தல நரைச்சுப் போச்சே."

ரத்தினபாய் கைக்குட்டையைப் பிரித்து வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். கிளியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பிடித்து முகம் பார்த்தாள்.

"இத்தானா அது? இத்துனூண்டு கீது."

"இதுதான்க்கா. பாருங்க, ஒண்ணுமே ஆகலை. விஷமே இல்லைன்னு அப்பவே நான்..."

"எனுக்கு இன்னாத்துக்குக் காட்டற?" கிளியம்மாளின் குரல் உயரவில்லை. "நான் என்னிக்காச்சும் விஷம்னு சொன்னேனா? நீ இல்லேன்ன, நான் நம்பினேன். கடேசி எருமைய ஓட்டிக்கினு போன அன்னிக்கும் உன் கெணத்துத் தண்ணிதான் குட்ச்சேன். ஊருக்குத்தான் காட்டச் சொன்னேன். எனுக்கோசரம் தோண்டுவேன்னு நெனச்சேன்."

ரத்தினபாய் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு இடம் போனா அந்த வெள்ளக்காரன் பட்டினியா கெடப்பான்? எனுக்குப் போச்சேம்மா."

"தப்புதான்க்கா."

"சரி வுடு." கிளியம்மாள் வில்லையைக் கைக்குட்டையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தப் பாட்டில்ல இன்னா?"

"நம்ம கிணத்துத் தண்ணி."

அவள் பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி, அண்ணாந்து, கழுத்தெல்லாம் நனையக் குடித்தாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "இங்க லாரித் தண்ணிம்மா. வாயில வைக்க முடில," என்றாள்.

பேபி வந்து மிச்சத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முற்றத்தில் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலையும் தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. இருவரும் கேட்காதது போல இருந்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரியா?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

"வரேன்க்கா."

அன்று வீட்டுக்கு வந்ததும் ரத்தினபாய் லூக்குக்கு எழுதினாள். விதிப்படி, மறைக்காமல் எழுதினாள். 'நான் எந்த முறையையும் கையாளவில்லை. என் கிணற்றில் விஷம் என்று ஊர் பயந்தது. பயத்தைப் போக்க எனக்கு வழி இருந்தது. சோதனை கெடும் என்று நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிழைப்பு போயிற்று. எனக்கிருந்த ஒரே தோழமையும் போயிற்று. இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.' இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்த்தாள்.

கையேடு வருஷக் கடைசியில் வந்தது. பளபளப்பான அட்டை. உள்ளே உலகப் படத்தில் பதின்மூன்று வெறும் வளையங்கள், ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குக் கீழே மூன்று வரி. 'தாம்பரம், இந்தியா. உள்ளூர் மக்களின் அச்சத்தால் பத்தாண்டுகளும் மனிதத் தொந்தரவு இல்லை. செலவில்லாத, பயனுள்ள முறை. பிற இடங்களிலும் முயன்று பார்க்கலாம்.' கடிதத்தின் மிச்சத்தை இடம் போதாமல் விடவேண்டி வந்தது என்று லூக் அன்போடு ஒரு சீட்டு வைத்திருந்தார்.

ரத்தினபாய் கையேட்டைத் துணிதுவைக்கும் கல்லில் வைத்துவிட்டு மதிலைப் பார்த்தாள். "பாத்தீங்களாக்கா?" என்று வாய்விட்டே சொன்னாள். உயர்த்திக் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். பிறகு, ஒரு குழந்தையை உள்ளே வரச்சொல்லி அதட்டும் குரல் கேட்டது.

கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. இனிமேல் நீர் அசைந்தாலும் எந்தக் கணக்கும் கெடாது. எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம். அவள் வாளியை இறக்கிப் பாதிதான் மொண்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை. ஒரு பாட்டிலுக்கு அது போதும்.